பாட்டுக்காரியின் தாடை

ஓய்வு பெற்று, தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியின் சாவிக்கொத்தை ஒப்படைத்த அன்று, எனக்குப் பின் பொறுப்பேற்க வந்த தாதி நிரோஷா பழைய பதிவேடுகளை அலுமாரியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். கொத்மலைப் பக்கத்துப் பிள்ளை. கவனமானவர். இனி நோயாளர் விவரம் எல்லாம் கணினிக்குப் போகப் போகிறதாம். அதற்காக, அடிக்கடி வருகிறவர்களின் பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டிருந்தார்.

"சேர், இந்த பரமேஸ்வரி யாருங்க? முதல் நாலு வருசமும் மார்கழியிலதான் வந்திருக்காங்க. தலைவலி, தாடை வலி, தலைவலி, தாடை வலி. சித்திரை, வைகாசியில ஆளையே காணோம். அதுக்குப் பொறகு எல்லா மாசமும் வாராங்க."

"கொழுந்து எடுக்கிற அம்மா" என்றேன்.

"அதுதான் இங்கயே எழுதியிருக்கே சேர். நான் கேட்டது ஆள் யாருன்னு."

அந்தப் பிள்ளை அதைக் குறையாகச் சொல்லவில்லை. தாளில் பெயரை எழுதிவிட்டு அடுத்த பதிவேட்டுக்குப் போய்விட்டார். நான்தான் அதற்கு மேல் நிற்க முடியாமல் வெளியே வராந்தாவுக்கு வந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் மனிதர்களைப் பற்றிப் பதிவேட்டில் எழுதியவன் நான். அவர் கேட்டதற்கு அன்று என்னிடம் பதில் இருந்தது, சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்திரண்டில் தோட்டத்து மருத்துவ உதவியாளர் பயிற்சிக்குப் போனேன், இரண்டு வருடம். காயம் கழுவிக் கட்டுவது, ஊசி போடுவது, பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பது, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கும் அளவு, அட்டைக்கடி, குளவிக் கொட்டு, மருந்து இருப்புக் கணக்கு. தாடை மூட்டு என்று ஒன்று காதுக்கு முன்னால் இருப்பதைப் படத்தில் பார்த்துப் பெயரை மனப்பாடம் செய்தேன். பரீட்சையில் வரவில்லை. மறந்துவிட்டேன்.

பயிற்சி முடிந்து அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் டேவிட் ஐயாவின் கீழ் நான்கு வருடம் வேலை செய்தேன். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நான் செய்த சரிகளும் அவரிடமிருந்து வந்தவை, செய்த தவறு அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளாமல் விட்டதிலிருந்து வந்தது.

காலை ஐந்தே முக்காலுக்குக் கதவைத் திறப்பார். ஏழு மணிக்குப் பெரட்டு. ஆட்கள் பெயர் கொடுத்து மலைக்குப் போகும் அந்த நேரத்துக்கு முன்னால் வரிசை கலைய வேண்டும். மாத்திரைகளைக் கண்ணாடித் தட்டில் கொட்டி, வெண்ணெய் தடவும் கத்தியால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவார். எண்ணும்போது யாராவது குறுக்கே பேசினால் கோபப்பட மாட்டார். தள்ளிய மாத்திரைகளையெல்லாம் திரும்பப் போத்தலில் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். இரண்டு முறை அப்படிச் செய்தால் வரிசை தானாக அடங்கிவிடும்.

பதிவேட்டில் பிழை வந்தால் சுரண்டக் கூடாது, மேலே எழுதக் கூடாது. சிவப்பு மையில் ஒரே கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம். கோட்டுக்குக் கீழே பழைய எழுத்து வாசிக்கும்படி இருக்க வேண்டும். ஒரு நாள் நான் அடித்த கோடு தடிமனாகிவிட்டது. அந்தப் பக்கம் முழுவதையும் என்னைத் திரும்ப எழுத வைத்தார். "தப்பு தெரியணும்யா. தப்ப மறச்சா அது ரெண்டாவது தப்பு."

நோயாளியிடம் மூன்றே கேள்வி. "எங்க? எத்தன நாளா? வேலைக்குப் போனியா?" மூன்றாவது கேள்வி, லீவுத் துண்டு எழுத வேண்டுமா என்று தெரிந்துகொள்ள. மூன்றுக்கும் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டே கேட்பார். பிறகு பேனாவை மூடி வைப்பார். அப்போதுதான் முகத்தைப் பார்ப்பார். "வேற?" என்பார். சும்மா இருப்பார்.

பாதிப்பேர் "ஒண்ணுமில்லீங்க" என்று துண்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மற்றவர்கள் அந்தச் சும்மாயிருத்தலைத் தாங்க முடியாமல் ஏதாவது சொல்வார்கள். விரலில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டு வந்த ஒருவர், "வேற?" என்றதும் கொஞ்சம் நின்று, சளியோடு ரத்தம் போவதைச் சொன்னார். ஒரு தடவை என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். அந்த "வேற?"வுக்கு இருபது விநாடி போனது. நாற்பது பேர் வரிசையில் நின்றால் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல். வயதானவரின் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அதைப் பற்றி அவர் எனக்கு எதுவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

எனக்கென்று தனியாக ஒரு தோட்டத்து டிஸ்பென்சரி கிடைத்தபோது, கண்ணாடித் தட்டு, கத்தி, சிவப்பு மை, மூன்று கேள்வி எல்லாவற்றையும் கொண்டு போனேன். "வேற?"வை விட்டுவிட்டேன். ஆறரை மணிக்கெல்லாம் வரிசை கலைந்துவிடும். பெரிய கணக்குப்பிள்ளை என்னைப் பாராட்டினார். "முந்தி இருந்தவரு காலத்துல பெரட்டுக்குப் பாதி ஆளு லேட்டு. நீங்க வந்து மெஷின் மாதிரி ஓட்டுறீங்க."

நான் அதற்குச் சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதி வைக்க வேண்டும்.

என் குவார்ட்டர்ஸ் டிஸ்பென்சரிக்கு மேலே, இருபது படி ஏறினால் வரும். கீழே ஆட்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குப் போகும் பாதை. எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் பயிற்சிக் காலத்திலிருந்தே உண்டு. மழை, பனி, வந்த கடிதம், தண்ணீர் நின்ற நேரம், ஒன்றும் விடமாட்டேன். மார்கழி வந்தால் இன்னொரு வரியும் சேரும்: "பஜனை 5.10க்குக் கடந்தது." கோயில் ஆட்கள் விடிகாலையில் ஆர்மோனியமும் தாளமுமாகக் கிளம்பி, மேட்டு லயம், பணிய லயம், ஃபெக்டரி லயம் எல்லாம் சுற்றி, ஆறேகாலுக்குக் கோயிலில் வந்து முடிப்பார்கள். முன்னால் ஒரு பெண்குரல் பாடும். பின்னால் மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அந்தக் குரல் மேலே ஏறும்போது என் ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். நான் கம்பளிக்குள் படுத்தபடியே தலைமாட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொள்வேன். விளக்கைப் போட்டதும் முதல் வேலையாக நேரத்தை எழுதுவேன்.

பரமேஸ்வரி முதல் தடவை வந்தபோது அவளுக்கு முப்பத்துநான்கு வயது. மெலிந்த ஆள். கூடைக் கயிறு போட்டுப் போட்டு நெற்றிக்கு மேலே முடி தேய்ந்திருந்தது. மார்கழி பிறந்து நான்காம் நாள்.

"எங்க?"

"தலைங்க. இந்த எடது பொட்டுல இடிக்குது. அங்க இருந்து தாடைக்கு எறங்குது."

"எத்தன நாளா?"

"மூணு நாளா."

"வேலைக்குப் போனியா?"

"போகாம? மூணு நாளும் பேர் போட்டேன்."

எங்கள் மலையில் பெண்களுக்குத் தலைவலி என்றால் நாங்கள் சொல்வது ஒன்றுதான். இருபது கிலோ கொழுந்தைத் தலையில் போட்ட கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு மேடு ஏறினால் யாருக்கும் தலை வலிக்கும். தாடை வலிக்கு வெற்றிலை. இரண்டுக்கும் என்னிடம் ஆயத்தமாகப் புத்திமதி இருந்தது.

"கயித்துக்குக் கீழ துணிய நாலா மடிச்சு வை. வெத்தலையக் கொற."

"துணி வச்சுத்தாங்க இருக்கேன். வலி துணிக்குக் கீழயும் வருதே. வெத்தலையும் போடாம மலையில என்னாத்தங்க செய்யிறது, கொழுந்தையா திங்கிறது?"

வரிசை சிரித்தது. நான் பெனடோல் மாத்திரை எட்டு எண்ணிக் கொடுத்தேன்.

அந்த மாதம் நான்கு தடவை வந்தாள். நான்காவது தடவை வாயைத் திறக்கச் சொல்லி, கரண்டிக் காம்பால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினேன். இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் தட்டியதும் தோள் துள்ளியது. வெற்றிலைக் கறையில் பல் கறுத்துப்போயிருந்தது. போதும் என்று நினைத்தேன். "கீழ் இடது கடைவாய்ப் பல் வலி" என்று எழுதி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். தைப் பொங்கல் கழிந்து இரண்டாம் நாள் அங்கே பல்லைப் பிடுங்கினார்கள். அதற்குப் பிறகு மாசியில் வரவில்லை, பங்குனியில் வரவில்லை. இன்னொருத்தி மூலம் விசாரித்தேன். வலி இல்லையாம். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே "குணம்" என்று எழுதினேன். தேதியும் போட்டேன்.

மார்கழி முடிந்ததால் வலி நின்றது என்பது எனக்குத் தோன்றவில்லை. பல் போனதால் நின்றது என்றே கணக்கு வைத்தேன்.

அடுத்த மார்கழி, ஆறாம் நாள், திரும்பவும் வந்தாள். அதே பொட்டு, அதே தாடை. அன்று வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற ஒரு கிழவி எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "அதிசயமா இருக்கே. பாட்டுக்காரிக்குத் தொண்டையில வலி வரல, தாடையில வருது!"

"நீ வந்து ரெண்டு அடி பாடு ஆத்தா, ஒனக்கு எங்க வருதுன்னு பாப்போம்" என்றாள் பரமேஸ்வரி.

எல்லாரும் சிரித்தார்கள். நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். "சத்தம் போடாதீங்க" என்று சொல்லி, டேவிட் ஐயா மாதிரியே தட்டைத் திரும்பக் கொட்டி முதலிலிருந்து எண்ணினேன். காதில் விழுந்தது. ஆனால் நான் கேட்ட மூன்று கேள்வியில் எதற்கும் அது பதில் இல்லை. அதனால் பதிவேட்டில் ஏறவில்லை.

அந்த வருடம் முதல் பல்லுக்கு அடுத்த பல் போனது. தையில் வலி நின்றது. "குணம்."

மூன்றாவது வருடம் மார்கழி பதினோராம் நாள் அவள் வந்தபோது வாயை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்க முடியவில்லை. சோற்றைப் பிசைந்து விழுங்குவதாகச் சொன்னாள். கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டே பேசினாள்.

"ஐயா, எப்பிடியாவது தை ஒண்ணு வரைக்கும் ஓட்டிக் குடுங்க. இன்னும் பத்தொம்பது நாளுதான். அதுக்குப் பொறகு நீங்க தாடையவே கழட்டி வச்சாலும் சரி."

பத்தொன்பது நாளுக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. பொங்கல் முற்பணம், புதுச் சேலை, ஏதாவது இருக்கும் என்று நினைத்திருப்பேன். நான் அன்று என்ன நினைத்தேன் என்று நாட்குறிப்பில் இல்லை. "மருந்து எடுக்க நாளை டவுன், வேன் 7.30" என்றுதான் இருக்கிறது. அந்த வேனிலேயே அவளையும் கூட்டிப்போனேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் பல் பகுதிக்குப் புதிதாக ஒரு டொக்டர் வந்திருந்தார். சிங்களப் பெண், முப்பது வயது இருக்கும், தமிழ் தெரியாது. என் துண்டை வாசித்தார். உடனே ஊசியை எடுக்கவில்லை. பரமேஸ்வரியின் பின்னால் போய் நின்று, இரண்டு காதுக்கும் முன்னால் இரண்டு விரலை வைத்து, வாயைத் திறந்து மூடச் சொல்லிச் சைகை காட்டினார். கொஞ்ச நேரம் கண்ணை மூடியபடி விரலை அங்கேயே வைத்திருந்தார். பிறகு நெற்றிப் பொட்டை அழுத்தினார். பரமேஸ்வரி "ஐயோ" என்றாள். டொக்டர் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்: "இவர் வாயை நிறையத் திறந்து செய்கிற வேலை ஏதாவது இருக்கிறதா? கேட்டுச் சொல்லுங்கள்."

வெளியே வாங்குப் பலகையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். பத்தரைக்கு மருந்துக் களஞ்சியத்தில் நான் நிற்க வேண்டும். டொக்டரின் நேரத்தையும் மிச்சம் பிடிப்பதாகத்தான் நினைத்தேன். எங்களைப் போலத் தோட்டத்து உத்தியோகத்தர் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஆட்களுக்குச் சிங்களம் தெரியாது, நமக்கு ஆட்களைத் தெரியும், ஆகவே நாமே சொல்லிவிடலாம். அரசாங்கக் கச்சேரியிலும் பொலிஸிலும் பேங்கிலும் நாங்கள் அப்படித்தான் நிற்போம்.

"தலு கடன கெனெக், டொக்டர்" என்றேன். கொழுந்து பறிக்கிற ஆள். வெற்றிலை போடுவார், தலையில் கூடை சுமப்பார், இதற்கு முன் இதே பக்கம் இரண்டு பல் எடுத்துக் குணமாகியிருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னேன். "குணம்" என்ற அந்தச் சொல்லை நான் அழுத்திச் சொன்னது நினைவிருக்கிறது.

டொக்டர் பரமேஸ்வரியைப் பார்த்தார். பரமேஸ்வரி என்னைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து காட்டினாள். டொக்டர் அடுத்த பல்லைத் தட்டிப் பார்த்தார். அது நொந்தது. மூன்றாவது பல்லும் போனது.

திரும்பும்போது வேனில் பஞ்சைக் கடித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் மருந்துப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டு வந்தேன். தையில் வலி நின்றது, மூன்றாவது தடவையும் "குணம்" என்று எழுதினேன்.

நான்காவது வருடம் மார்கழியில் பனி கடுமையாக இருந்தது. ஒரு விடிகாலை குவார்ட்டர்ஸ் குழாயில் தண்ணீர் உறைந்து நின்றுவிட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு பாதையோரத்தில் மலைத் தண்ணீர் விழும் பீலிக்கு இறங்கினேன். வாளி நிறையட்டும் என்று நின்றபோது பஜனை வந்தது.

அதுவரைக்கும் அந்தக் குரலை எத்தனையோ மார்கழி கேட்டிருக்கிறேன். பாடுகிற முகத்தைப் பார்த்ததில்லை. கையில் விளக்கோடு முன்னால் வந்தது பரமேஸ்வரி.

தலையில் மப்ளர் சுற்றியிருந்தாள். பாட்டின் அடி மேலே ஏறும்போது மோவாயை வானத்துக்குத் தூக்கினாள். தாடை முன்னால் தள்ளி, இடது பக்கமாக ஒரு வெட்டு வெட்டித் திறந்தது. பொட்டில் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்தது. அடி முடிந்து மற்றவர்கள் வாங்கிப் பாடும்போது அவள் குளிருக்குப் பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள். இடது உள்ளங்கையைக் காதுக்கு முன்னால் வைத்து அழுத்தினாள். அவர்கள் முடித்ததும் கையை எடுத்துவிட்டு, திரும்பவும் மோவாயைத் தூக்கினாள். என்னைக் கண்டதும், பாட்டை விடாமலே, கண்ணால் வணக்கம் சொன்னாள். மேடு ஏறிப் போய்விட்டார்கள்.

வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 5.10.

அன்று டிஸ்பென்சரியைத் திறக்கும் முன் நாட்குறிப்புகளையும் பதிவேடுகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். ஒன்றில் பஜனை தொடங்கிய நாள். மற்றதில் அவள் வந்த நாள். ஒன்றில் பஜனை முடிந்த நாள். மற்றதில் "குணம்". இரண்டும் ஒரே கையெழுத்து. இரண்டையும் சேர்த்து வாசிக்க எனக்கு நான்கு வருடமும் ஒரு உறைந்த குழாயும் தேவைப்பட்டன.

பஜனை முடிந்து அவளை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். அவளைக் கதிரையில் உட்கார வைத்து, அந்த டொக்டர் செய்தது போலவே பின்னால் நின்று, காதுகளுக்கு முன்னால் விரலை வைத்தேன்.

"காலையில பாடின பாட்டுல ஒரு அடி பாடு."

"இங்கயாங்க?"

"இங்கதான்."

"டிஸ்பென்சரியிலயா? சனங்க சிரிக்கும் ஐயா."

"சிரிக்கட்டும். பாடு."

பாடினாள். முதலில் மெதுவாக, பிறகு அவளுக்கே உரிய அந்த உயரத்துக்கு. வெளியே வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. குரல் ஏறும் இடத்தில் என் இடது விரலுக்கு அடியில் எலும்பு ஒன்று "டக்" என்று நழுவி, இறங்கும்போது திரும்பவும் "டக்" என்று வந்து உட்கார்ந்தது. வலது பக்கம் அசைவு சீராக இருந்தது. விரலைப் பொட்டுக்கு நகர்த்தினேன். அங்கே தசை கட்டையாக இறுகியிருந்தது. தலைவலி அங்கேதான் இருந்தது. தட்டிய பற்கள் நொந்ததும் சொத்தையால் அல்ல, கடித்துக் கடித்து இறுகிய அந்தத் தசையால். கூடைக் கயிறு பதியும் இடம் அதற்கு மூன்று விரல் மேலே.

செய்ய வேண்டியதைச் செய்தேன். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம். நாக்கின் நுனியை மேலண்ணத்தில் ஒட்டிவைத்தபடி வாயைத் திறந்து பழகுதல். பாடாத நேரம் பல்லோடு பல் படக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சுருதியைக் குறைக்க வேண்டும். அதற்காக ஆர்மோனியம் வாசிக்கும் ஃபெக்டரி சின்னச்சாமியைக் கூப்பிட்டுப் பேசினேன்.

"ஏன்யா இவ்வளவு மேல வச்சு வாசிக்கிறீங்க?"

"ஐயா, மைக் இல்லாம மூணு லயத்துக்குக் கேக்கணும். அதோட இந்தப் பொட்டியில கீழ்க்கட்டையெல்லாம் எங்க அப்பா காலத்துலயே ஊமையாயிருச்சி. மேல பிடிச்சாத்தான் சத்தம் வருது."

"பொட்டி பழுதுன்னு அந்த அம்மாவோட தாடைய உடைக்கிறீங்களா?"

"அது பாடுதேன்னு நாங்க வாசிக்கிறோம். வலிக்குதுன்னு யாருங்க சொன்னா?" என்றார் சின்னச்சாமி. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. பெட்டியை டவுனுக்கு எடுத்துப்போய்ப் பழுது பார்த்தார்கள். அடுத்த மார்கழியில் சுருதி இறங்கியது.

ஆனால் அதற்குள் நான் செய்த வேலை நடந்து முடிந்திருந்தது. இடது கீழ்ப்பக்கம் கடைவாயில் பல் இல்லை. வாயை மூடும்போது தாடை முட்டுக்கொடுக்க இடமில்லாமல் ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் சரிந்தது. பாட்டு மட்டும் தந்த வலி என்றால் ஒத்தடமும் சுருதியும் போதுமாக இருந்திருக்கும். இப்போது சும்மா இருந்தாலும், சோறு தின்றாலும் வலித்தது. சுருதி இறங்கிய அந்த மார்கழியில் ஒன்பதாம் நாள் வரை பாடினாள். பத்தாம் நாள் ஜன்னலுக்குக் கீழே வேறு ஒரு குரல் போனது. அந்தப் பெண்ணும் இரண்டு வருடத்தில் கலியாணமாகிப் பொல்பிட்டியப் பக்கம் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு ப்ளூடூத் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். கண்ணாடி அதிர்கிறது. நேரத்தை எழுதுவதை நான் விட்டுவிட்டேன்.

பரமேஸ்வரி பிறகும் மலைக்குப் போனாள். டிஸ்பென்சரிக்கு வந்தாள். தலைவலி என்றாள், மாத்திரை கொடுத்தேன். அவளிடம் நான் சொல்லாமல் வைத்திருந்தது இரண்டு. அந்த டொக்டர் கேட்டதை நான் அவளிடம் கேட்கவில்லை என்பது ஒன்று. அந்தப் பற்கள் மற்றது. பத்து வருடம் வைத்திருந்தேன்.

சாவியை ஒப்படைத்த அன்று வராந்தாவில் நின்றுவிட்டுத் திரும்பவும் உள்ளே போனேன். நிரோஷாவிடம் கேட்டு அந்தப் பதிவேடுகளை வாங்கி, "குணம்" என்று எழுதிய மூன்று இடத்திலும் சிவப்பு மையில் ஒரே கோடு அடித்துச் சுருக்கொப்பம் வைத்தேன். கீழே எழுத்து தெரிந்தது.

மறுநாள் ஞாயிறு. பணிய லயத்துக்குப் போனேன். பரமேஸ்வரி வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இடது கன்னம் உள்ளே விழுந்திருந்தது.

"வாங்கய்யா! வேலைய விட்டுட்டீங்கன்னு சொன்னாங்க. இப்ப யாருக்கு ஊசி போட வந்தீங்க?"

"ஒங்களப் பாக்கத்தான்."

"என்னையா?" முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். "சொல்லுங்க."

வழியெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். இருந்தாலும் தடுமாறியது. "அன்னைக்கு டவுன் ஆஸ்பத்திரில அந்த டொக்டரம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. அத நான் ஒங்ககிட்ட கேக்கல."

"வாயத் தொறந்து செய்யிற வேல இருக்கான்னு கேட்டாங்க. அதானுங்களே?"

"வெளங்குச்சா?"

"ஞாயித்துக்கிழமை சந்தையில மரக்கறிக்காரன்கிட்ட தமிழ்லயாங்க வெல பேசுறோம்? நல்லா வெளங்குச்சு."

"அப்ப ஏம்மா சொல்லல?"

"நீங்கதான் சொல்லிட்டீங்களே, கொழுந்து எடுக்கிற ஆளுன்னு. பொய் இல்லையே." கீரைக் காம்பு ஒன்றை எடுத்து ஒடித்தாள். "படிச்ச ஐயா ஒரு வார்த்த சொன்னதுக்குப் பொறகு, நான் குறுக்க வந்து, இல்லீங்க டொக்டரம்மா, நான் பாடுவேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? பாடுறதெல்லாம் ஒரு வேலையான்னு எனக்கும் ஒரு இது. அதோட முப்பது நாளும் பாடி முடிக்கணும். பாட்ட நிப்பாட்டுன்னு சொல்லிருவாங்களோன்னு பயம். பல்லு போனாப் பரவாயில்லன்னு வாயத் தொறந்துட்டேன்."

எழுந்திருக்கப் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. கையில் பேனா இல்லை, மூடி வைக்க. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"வேற?" என்றேன்.

சும்மா இருந்தேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கீரையை உருவினாள். ஒரு காம்பு, இன்னொரு காம்பு. பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"அப்ப அந்தப் பல்லுங்க... நல்ல பல்லுங்களா?"

"நல்ல பல்லு" என்றேன். "மூணும்."

அவள் உள்ளங்கை தானாகக் காதுக்கு முன்னால் போய் நின்றது, பாட்டுக்கு நடுவில் வைப்பாளே, அதே இடத்தில்.

"நெனச்சேங்க. அந்த ரெண்டாவது பல்லுக்கு டாக்குத்தரு நெஞ்சுல முழங்கைய ஊனி இழுத்தாரு. வரவே மாட்டேன்னுச்சு."